அடித்தவர் தருவாரா, அரசாங்கம் தருமா? சிங்கப்பூரில் வன்செயலுக்கு இழப்பீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காயப்பட்டவர்களுக்கு அரசாங்கமே காசு தரும் திட்டம் சிங்கப்பூரில் இருக்கிறதா?

இல்லை. பிரிட்டனில் 1964 முதல் இருக்கிறது. இந்தியாவில் 2009 இறுதியில் சட்டத்துக்குள் வந்தது. சிங்கப்பூரில் அப்படிப்பட்ட நிதி கிடையாது. "விண்ணப்பப் பாரம் எங்கே கிடைக்கும்?" என்று பலர் சமூக மன்றத்திலும் எம்பியின் மக்கள் சந்திப்பிலும் கேட்கிறார்கள். இல்லாத திட்டத்துக்குப் பாரமும் இல்லை.

இங்கே பணம் வரும் வழிகள் வேறு. குற்றவாளியிடமிருந்து குற்றவியல் நீதிமன்றம் வாங்கித் தருவது ஒன்று. அவர்மீது நீங்களே உரிமையியல் வழக்குப் போடுவது இன்னொன்று. வேலையிடத்தில் அடிபட்டிருந்தால் முதலாளியின் காப்பீடு இருக்கிறது. ஏற்கெனவே உங்கள் பெயரில் இருக்கும் மெடிஷீல்டு லைஃப் (தேசிய மருத்துவக் காப்பீடு) போன்றவையும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு முதல் வழிதான் பொருந்தும். அதற்கு வழக்கறிஞர் செலவு இல்லை.

நீதிமன்றம் தரும் இழப்பீட்டு உத்தரவு என்றால் என்ன?

2010ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 359ஆம் பிரிவு. ஒருவர் குற்றவாளி என்று தீர்ப்பானதும், அவர் காயப்படுத்தியவருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டுமா என்று நீதிபதி யோசித்தாக வேண்டும். பொருத்தம் என்று பட்டால் உத்தரவிட வேண்டும். 2018இல் வந்த திருத்தம் இதை இன்னும் இறுக்கியது: உத்தரவிடவில்லை என்றால் ஏன் என்று காரணம் சொல்ல வேண்டும்.

உடலுக்கு, பெயருக்கு, பொருளுக்கு நேர்ந்த சேதம் மூன்றும் இதில் அடங்கும். எனவே உடைந்த மூக்குக் கண்ணாடியும் கிழிந்த பையும்கூடக் கணக்கில் வரும். இன்னொரு நுணுக்கம் பலருக்குத் தெரியாது: உங்களை அடித்த குற்றச்சாட்டில் அவர் தனியாகத் தண்டிக்கப்படாமல், தண்டனை விதிக்கும்போது "கருத்தில் எடுத்துக்கொள்ளப்பட்ட" குற்றச்சாட்டாக அது இருந்தாலும் உங்களுக்கு இழப்பீடு தரச் சொல்லலாம். "என் சார்ஜை ஓரமாக வைத்துவிட்டார்கள்" என்று கேள்விப்பட்டதுமே கைவிட வேண்டியதில்லை.

அதற்கு நான் எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?

தனி விண்ணப்பம் இல்லை. நீதிமன்றத்தில் இதைக் கேட்பவர் அரசுத் தரப்பு வழக்கறிஞர். அவருக்கு உங்கள் செலவு தெரிய வேண்டுமானால் விசாரணை அதிகாரி, அதாவது ஐஓ, சொல்லியிருக்க வேண்டும். ஐஓவுக்குத் தெரிய வேண்டுமானால் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் அறுபடும் கண்ணி பெரும்பாலும் கடைசியாகச் சொன்னதுதான். வாக்குமூலம் கொடுக்கும்போது வலியில் இருப்பீர்கள். செலவைப் பற்றி அவர் கேட்டிருக்க மாட்டார், நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள். எதிராளி முதல் நாளிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டால், உங்கள் ரசீது ஒன்றுகூடக் கோப்பில் இல்லாமலே தண்டனை விதிக்கப்பட்டுவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். போலீஸ் ரிப்போர்ட் எண்ணையும் ஐஓவின் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் குறித்து வையுங்கள். "எனக்கு இழப்பீடு வேண்டும், அரசுத் தரப்பிடம் தெரிவியுங்கள்" என்று எழுத்தில் அனுப்புங்கள். வாயால் சொன்னது நிற்காது. ரசீதுகள் சேரச் சேர அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக இணைத்து அனுப்புங்கள். எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். தமிழில் பேசத்தான் வசதி என்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். அரைகுறை ஆங்கிலத்தில் கொடுத்த வாக்குமூலத்தில் "கொஞ்சம் வலிக்கிறது" என்று பதிவாகிவிட்டால் பிறகு அதை மாற்றுவது கடினம்.

பாதிப்பு அறிக்கை என்று ஒரு படிவமும் உண்டு. குற்றத்தால் உடலுக்கும் மனத்துக்கும் வருமானத்துக்கும் என்ன ஆனது என்பதை உங்கள் சொற்களில் எழுதுவது. ஐஓ தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

என்னென்ன காகிதங்கள் வேண்டும்?

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. காப்பிக் கடையில் தகராறு. வேலை முடிந்து காப்பி குடிக்க வந்திருந்த வேறொரு கடை உதவியாளரின் நெற்றியில் போத்தல் உடைந்து தையல் போட்டார்கள். சிங்கப்பூரர், வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம், மாதச் சம்பளம் 1,560 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மாதம் 26 நாள் வேலை. ஆக, ஒரு நாள் கூலி 60 வெள்ளி. டாக்டர் 14 நாள் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கொடுத்தார். அதில் ஓய்வு நாள் 2 போக, வேலை நாள் 12.

"12 நாளும் போச்சு, 720 வெள்ளி" என்றுதான் அவர் எழுதுவார். அது தவறு. நான்கு மாதம் வேலை செய்தவருக்கு வேலை நியமனச் சட்டப்படி 8 நாள் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. 48 மணி நேரத்துக்குள் முதலாளியிடம் சொல்லியிருந்தால் அது கிடைத்திருக்கும். உண்மையான இழப்பு 4 நாள், 240 வெள்ளி. அவசரப் பிரிவும் தையலும் 162. மறுபரிசோதனை மூன்று முறை, ஒவ்வொன்றும் 45, ஆக 135. கண்ணாடி 180. மொத்தம் 717 வெள்ளி. தழும்புக்கும் வலிக்கும் உரியது இதற்கு மேல்.

தொகையைக் கூட்டி எழுதினால் என்ன ஆகும்? எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சம்பளச் சீட்டைக் காட்டி 720 பொய் என்று நிரூபித்தால், மற்ற மூன்று வரிகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும். இங்கே சிக்கல் வந்ததென்றால், இது குற்றவியல் வழக்கில் தீர்க்க வேண்டிய கணக்கு அல்ல என்று நீதிமன்றம் ஒதுக்கிவிடவும் வாய்ப்பு உண்டு. எளிதில் உறுதிசெய்யக்கூடிய, தெளிவான தொகைதான் இந்த உத்தரவுக்கு ஏற்றது.

ஆகவே ஒவ்வொரு வரிக்கும் ஒரு காகிதம்: மருத்துவமனை பில்லும் கட்டிய ரசீதும் (பில் மட்டும் இருந்தால் யார் கட்டியது என்ற கேள்வி வரும்), எம்சி, அடிபடுவதற்கு முந்தைய மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள், பிடித்தம் காட்டும் அந்த மாதச் சீட்டு, உடைந்த பொருளின் பழைய ரசீது. காயத்தைப் புகைப்படம் எடுங்கள். முதல் நாள் ஒன்று, தையல் பிரித்த அன்று ஒன்று, மூன்று மாதம் கழித்து ஒன்று. தழும்பு நின்றுவிட்டது என்பதற்கு அந்தக் கடைசிப் படம்தான் சாட்சி. மனநல ஆலோசனைக்குப் போனால் அந்த ரசீதும் வேண்டும். "தூக்கம் வரவில்லை" என்று சொல்வதைவிட, மருத்துவர் எழுதிய இரண்டு வரி வலுவானது.

டாக்டரிடம் முதல் முறையே எல்லா இடத்தையும் காட்டுங்கள். நெற்றியில் ரத்தம் வழிகிறது என்பதால் முழங்கை வீக்கத்தைச் சொல்லாமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். இரண்டு வாரம் கழித்து முழங்கைக்கு எக்ஸ்ரே எடுத்தால், அது அன்றைய அடிதான் என்று காட்ட வழி இருக்காது.

எவ்வளவு கிடைக்கும்?

கட்டண அட்டவணை எதுவும் இல்லை. கையிலிருந்து போன செலவு, இழந்த கூலி, வலிக்கும் தழும்புக்கும் உரிமையியல் நீதிமன்றங்கள் வழக்கமாகக் கொடுக்கும் அளவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். ஆனால் கட்ட முடியாத தொகையைக் குற்றவாளியின் தலையில் ஏற்றுவதில்லை. அவருடைய வருமானமும் பார்க்கப்படும். "கார் வைத்திருக்கிறார், கடை வைத்திருக்கிறார்" என்று உங்களுக்குத் தெரிந்தால் ஐஓவிடம் சொல்வதில் தவறில்லை.

இன்னொரு தவறான எண்ணமும் உலவுகிறது: காசு கொடுத்தால் சிறைத் தண்டனை குறையும், அதனால் வாங்கக் கூடாது என்பது. இழப்பீட்டு உத்தரவு தண்டனைக்கு மாற்று அல்ல. பணக்காரர் காசு கொடுத்துச் சிறையிலிருந்து தப்பும் வழியும் அல்ல. தண்டனை தனி, இழப்பீடு தனி.

உத்தரவு போட்டும் அவர் கட்டவில்லையே?

நீதிமன்றம் அவகாசம் கொடுக்கலாம், தவணையில் கட்டச் சொல்லலாம், சொத்தைப் பறிமுதல் செய்யலாம், கட்டாவிட்டால் இத்தனை நாள் சிறை என்றும் சேர்த்து விதிக்கலாம். பணம் நீதிமன்றத்தில் கட்டப்பட்டு அங்கிருந்து உங்களுக்கு வரும். நேரில் கொண்டுவந்து கொடுக்கிறேன் என்று எதிராளி அழைத்தால் போகாதீர்கள்.

சிலர் கட்டாமல் அந்தச் சிறை நாளையே கழித்துவிடுவார்கள். ஏற்கெனவே சில ஆண்டுகள் உள்ளே இருக்கப் போகிறவருக்குக் கூடுதலாக இரண்டு வாரம் பெரிய விஷயம் இல்லை. இது இந்த முறையின் உண்மையான ஓட்டை. அரசாங்க நிதி இல்லாத நாட்டில், குற்றவாளி வெறுங்கையராக இருந்தால் பாதிக்கப்பட்டவரும் வெறுங்கையுடன் நிற்க வேண்டியிருக்கிறது.

தண்டனை விதித்த 14 நாளுக்குள் அவர் மேல்முறையீடு செய்யலாம். அப்போது பணம் வருவது தள்ளிப் போகலாம். தொகை குறைவு என்று மேல்முறையீடு செய்யும் உரிமை உங்களுக்கு இல்லை. வழக்கின் தரப்பு அரசாங்கம்தான், நீங்கள் சாட்சி. ஆனால் 2018 திருத்தத்தின்படி இழப்பீடு பற்றிச் சான்று காட்டவும் வாதிடவும் பாதிக்கப்பட்டவருக்கு வழி திறக்கப்பட்டிருக்கிறது. பெரிய தொகை என்றால் அரசுத் தரப்பிடம் இதைக் கேளுங்கள்.

"ஐயாயிரம் தருகிறேன், கேஸை வாபஸ் வாங்கு" என்கிறார்கள். வாங்கலாமா?

எந்தக் குற்றம் என்பதைப் பொறுத்தது. தண்டனைச் சட்டம் 323ஆம் பிரிவு, அதாவது வேண்டுமென்றே காயப்படுத்துதல், சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம். ஆனால் போலீஸ் விசாரணை தொடங்கிய பிறகு அரசுத் தரப்பின் ஒப்புதல் வேண்டும். பார்க்கிங்கில் வைத்து உறையைக் கை மாற்றினால் அது சமரசம் ஆகாது. சமரசம் செய்ய முடியாத கடுமையான குற்றத்தை மறைக்கக் காசு வாங்குவது, வாங்கியவரையே குற்றவாளி ஆக்கும். யார் கேட்டாலும் "ஐஓ மூலமாகப் பேசுங்கள்" என்பதே பதில். சொந்தக்காரர் நடுவில் வந்து பேசினாலும் இதே பதில்தான்.

போலீஸ் மேல்நடவடிக்கை இல்லை என்று சொல்லிவிட்டது. இனி?

சின்ன அடிதடி என்றால், அரசு நீதிமன்றங்களில் நீதித்துறை நடுவரிடம் முறையீடு செய்யலாம். அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டுச் சிறைக்கு மேற்படாத குற்றங்களில் தனியார் வழக்குத் தொடர முடியும். 323ஆம் பிரிவின் உச்சம் இப்போது சரியாக மூன்று ஆண்டு. பல சமயம் நடுவர் முதலில் இருவரையும் உட்கார வைத்துப் பேசச் சொல்வார். அண்டை வீட்டுச் சண்டைகளில் மருத்துவச் செலவு அந்த மேசையிலேயே தீர்ந்துவிடுவதும் உண்டு.

தனியாக வழக்குப் போடலாமா?

போடலாம். குற்றவியல் நீதிமன்றம் கொடுத்தது கழிக்கப்படும். அதற்கு மேல் உள்ளதைக் கேட்கலாம். 60,000 வெள்ளி வரை நடுவர் நீதிமன்றம், 250,000 வரை மாவட்ட நீதிமன்றம். சிறு கோரிக்கை மன்றம் உடல் காயத்தை எடுத்துக்கொள்ளாது, அங்கே வரிசையில் நிற்க வேண்டாம்.

காயத்துக்கான வழக்கை மூன்று ஆண்டுக்குள் தொடங்கிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குற்றவியல் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடுவதுதான் இங்கே பெரிய விபத்து. மறுபக்கம், எதிராளி குற்றவாளி என்று தீர்ப்பாகியிருந்தால் உரிமையியல் வழக்கில் அதையே சான்றாகக் காட்டலாம். "அடித்தாரா இல்லையா" என்பதை மறுபடி ஆரம்பத்திலிருந்து நிரூபிக்கும் சுமை குறையும்.

வழக்குப் போடும் முன் ஒரே கேள்வி: எதிராளியிடம் வசூலிக்க ஏதாவது இருக்கிறதா? இல்லாதவர்மீது வெல்லும் 40,000 வெள்ளித் தீர்ப்பு சட்டகம் போட்டு மாட்டத்தான் உதவும். அடித்தவர் ஒரு கேளிக்கை விடுதியின் காவலர், வேலை நேரத்தில் அடித்தார் என்றால் கதையே வேறு. அவருடைய முதலாளியையும் சேர்க்க முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் வருமான வரம்புக்குள் இருந்தால் சட்ட உதவிப் பிரிவை நாடலாம். மற்றவர்கள் புரோ போனோ எஸ்ஜியின் இலவச ஆலோசனையில் தொடங்கலாம்.

வேலை செய்யும்போது அடித்தார்கள். அது வேலையிடக் காயமா?

பெரும்பாலும் ஆம். சண்டையில் பட்ட காயத்துக்கு வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் பொதுவாகப் பணம் தராது. ஆனால் சண்டை போடாமல் தாக்கப்பட்டவர், தற்காத்துக்கொண்டவர், முதலாளி சொல்லிச் சண்டையை விலக்கப் போனவர், உயிரையோ பொருளையோ காக்கப் போனவர் ஆகியோருக்கு விலக்கு உண்டு. ஆகவே முதல் அறிக்கையில் "வாக்குவாதம் ஆச்சு, அடிச்சுக்கிட்டோம்" என்று எழுதிவிடாதீர்கள், அப்படி நடக்கவில்லை என்றால். "அடிச்சுக்கிட்டோம்" என்ற ஒரு சொல் கோரிக்கையையே கவிழ்த்துவிடும்.

யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை என்பதுதான் இந்த வழியின் பலம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும். 1 நவம்பர் 2025 முதல் மருத்துவச் செலவு 53,000 வெள்ளி வரை, நிரந்தர உடற்குறைக்கு உச்சம் 346,000, இறப்புக்கு 269,000. இதையும் முதலாளிமீதான உரிமையியல் வழக்கையும் ஒருசேர நடத்த முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இல்லப் பணிப்பெண்ணை முதலாளியே அடித்தால்?

பணிப்பெண்கள் மேற்சொன்ன சட்டத்தில் வர மாட்டார்கள். முதலாளி கட்டாயமாக வாங்க வேண்டிய தனிநபர் விபத்துக் காப்பீடும் (குறைந்தது 60,000 வெள்ளி) மருத்துவக் காப்பீடும் உண்டு. ஆனால் முக்கியமான வழி 359ஆம் பிரிவுதான். பணிப்பெண்ணுக்கு எதிரான குற்றத்துக்கு 2020 முதல் தண்டனை இரு மடங்கு வரை போகலாம். இழப்பீட்டையும் கவனிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் இத்தகைய வழக்குகளில் சொல்லியிருக்கிறது.

நடைமுறைச் சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. வழக்கு முடிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதற்குள் ஊருக்குப் போய்விட்டால் பணம் யாரிடம் சேரும்? விமானம் ஏறும் முன் ஊரில் உள்ள வங்கிக் கணக்கு எண், மாறாத கைப்பேசி எண், குடும்பத்தில் ஒருவரின் எண் மூன்றையும் ஐஓவிடம் எழுதிக் கொடுங்கள். சிங்கப்பூர் சிம் அட்டை எண்ணை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் தொடர்பு அங்கேயே அறுந்துபோகும். வெளிநாட்டு ஊழியர் மையம், இல்லப் பணியாளர் மையம், ஹோம், டிடபிள்யூசி2 ஆகிய உதவி அமைப்புகள் இதில் கைகொடுக்கும். சாட்சியாக இங்கே தங்க வேண்டியவர்கள் தற்காலிகமாக வேலை பார்க்க மனிதவள அமைச்சிடம் வழி உண்டா என்றும் அவர்களிடமே கேட்கலாம்.

குடும்பத்தில் ஒருவர் கொல்லப்பட்டால்?

2018 திருத்தத்துக்குப் பிறகு, இறந்தவரின் நெருங்கிய உறவினருக்குத் துயர இழப்பீடும் ஈமச்சடங்குச் செலவும் தரும்படி குற்றவியல் நீதிமன்றம் உத்தரவிடலாம். துயர இழப்பீட்டை உரிமையியல் சட்டம் 15,000 வெள்ளி என்று வைத்திருக்கிறது. தலைக்கு அல்ல, மொத்தமாக. சவப்பெட்டி, வண்டி, தகனக் கட்டணம், ஐயருக்குக் கொடுத்தது என எல்லாவற்றுக்கும் ரசீது கேளுங்கள். அந்த நேரத்தில் ரசீதா என்று தோன்றும், ஆனாலும் கூட இருக்கும் நண்பர் ஒருவரிடம் அந்த வேலையை ஒப்படையுங்கள். இறந்தவருடைய சம்பாத்தியத்தை நம்பியிருந்தவர்கள் தனி வழக்கும் போடலாம். அதற்குக் கெடு, இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு.

மறக்கப்படும் பணம் ஒன்று: மசே நிதி (மத்திய சேம நிதி) வழியாகச் சந்தா கட்டும் சார்ந்தோர் பாதுகாப்புத் திட்டம். இறந்தவர் அதில் இருந்திருந்தால், 60 வயது வரை 70,000 வெள்ளி. குற்ற வழக்கின் முடிவோடு அதற்குச் சம்பந்தம் இல்லை.

மருத்துவமனை பில் இன்றைக்கே கட்டச் சொல்கிறார்களே?

இழப்பீடு வரும்வரை மருத்துவமனை காத்திருக்காது. சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மெடிஷீல்டு லைஃப் இருக்கிறது. அடிபட்டதால் அது விலகிவிடாது. சிங்கப்பூரர் என்றால், மீதிக்கு வார்டிலேயே மருத்துவ சமூக ஊழியரைப் பார்த்து மெடிஃபண்டு (பில் கட்ட முடியாதவர்களுக்கான அரசாங்க நிதி) பற்றிக் கேளுங்கள். வேலைக்குப் போக முடியாமல் வீட்டுச் செலவு நின்றுபோனால் சமூக சேவை அலுவலகத்தில் காம்கேர் உதவித் திட்டத்தைக் கேளுங்கள். பணி அனுமதிச் சீட்டில் இருப்பவரின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு.

இந்தியாவில் உள்ள திட்டத்துக்கு இங்கிருந்து விண்ணப்பிக்கலாமா?

சிங்கப்பூரில் நடந்த குற்றத்துக்கு முடியாது. தமிழ்நாட்டில் உங்கள் குடும்பத்தினர் தாக்கப்பட்டிருந்தால், அங்கே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அவர்கள் அணுக வேண்டும். குற்றவாளி பிடிபடாவிட்டாலும் அங்கே கேட்க முடியும்.

இங்கே குற்றவாளி பிடிபடவே இல்லை என்றால்?

தண்டிக்க ஆள் இல்லை என்றால் இழப்பீட்டு உத்தரவும் இல்லை. வேலையிடக் காயமாக இருந்தால் அந்த வழி திறந்தே இருக்கும். மோதிவிட்டு நிற்காமல் போன வாகனம் என்றால் சிங்கப்பூர் வாகனக் காப்பீட்டாளர் அமைப்பிடம் உடல் காயத்துக்குக் கேட்கலாம். மற்றபடி உங்கள் சொந்தக் காப்பீடும் சமூக உதவியும்தான்.

வீட்டுக்குள்ளேயே அடி விழுகிறது. பணத்தைப் பற்றி யோசிக்கும் நிலையில் இல்லை.

பணம் பிறகு. ஆபத்து என்றால் 999, பேச முடியாவிட்டால் 70999க்குக் குறுஞ்செய்தி. குடும்ப வன்முறைக்கும் பாலியல் தொல்லைக்கும் 24 மணி நேர உதவி எண் 1800-777-0000. பாதுகாப்பு உத்தரவைக் குடும்ப நீதிமன்றத்தில் கேட்கலாம். ஒன்று மட்டும்: பலதுறை மருந்தகத்துக்குப் போனால், "படியில் விழுந்தேன்" என்று சொல்லாதீர்கள். டாக்டர் எழுதுவது அதைத்தான்; இரண்டு ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் வாசிக்கப்படுவதும் அதுவாகத்தான் இருக்கும்.